கொக்கு, ஆமை, நண்டு, திரிபுரசுந்தரி

திரிபுரசுந்தரியின் வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது. காலையில் இட்லிப் பானையைத் திறந்தபோது ஆவி அடித்துவிட்டது. வீட்டில் அது சின்ன விஷயம்தான். களிம்பைத் தடவி, துணியைச் சுற்றி, சேலையூரில் ஷேர் ஆட்டோ பிடித்து ராஜகீழ்ப்பாக்கம் ஆபீசுக்கு வந்துவிட்டாள். ஆபீசில்தான் அது பெரிய விஷயம் ஆயிற்று.

"இன்னிக்கு ரிலீஸ் லேட்டாகும் சார். மேடம் ஒத்தக் கையால டைப் பண்றாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க," என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள் கிறிஸ்டி. வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பேசுவது அவள் வேலை.

"எவ்ளோ நேரம்மா பொறுக்கிறது?" என்ற குரல் போனிலும் வாசலிலும் ஒரே நேரத்தில் கேட்டது. கிறிஸ்டி திரும்பிப் பார்த்தாள். காதில் போனோடு சௌகத் அலி நின்றுகொண்டிருந்தார்.

பம்மலில் தொடங்கி மேடவாக்கம் வரைக்கும் அவருக்கு நான்கு கல்யாண மண்டபங்கள். தாம்பரத்தைச் சுற்றியிருக்கும் ஜனங்கள் மண்டபம் பதிவு செய்கிற 'பந்தக்கால்' என்ற வெப்சைட்டுக்கு அவர்தான் பெரிய வாடிக்கையாளர். அவர் தும்மினால் 'பந்தக்கால்' முதலாளி பட்டாபிராமன் கைக்குட்டை நீட்டுவார்.

"இன்னா மேடம், கையில?"

"இட்லி ஆவி சார்."

"உங்க வூட்டு இட்லிக்கும் என் மண்டபத்துக்கும் இன்னா சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. மற்றவர்கள் புதிதாக எழுதும் நிரல்களை 'பந்தக்கால்' சைட்டில் ஏற்றி, ஊர் பார்க்கும்படி வைப்பது திரிபுரசுந்தரியின் வேலை. அதற்குப் பெயர்தான் ரிலீஸ். ஒவ்வொரு வியாழக்கிழமையும் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். எல்லோருடைய நிரலையும் 'மெயின்' என்கிற பொது இடத்தில் ஒன்று சேர்ப்பாள். அது ஒரு பட்டனை அழுத்துகிற வேலை. அதை அவள் வேலையாகவே கருதியதில்லை. அதற்கப்புறம் சைட் குடியிருக்கிற சர்வர் என்ற கம்ப்யூட்டருக்கு, ஒன்றன்பின் ஒன்றாக நீள நீளமான கமாண்டுகளைக் கையால் அடிப்பாள். அவற்றை எங்கும் எழுதி வைத்ததில்லை. எல்லாம் மனப்பாடம். அந்த நேரத்தில் யாரும் அவளோடு பேசக்கூடாது. ஏசி ரிமோட்டைத் தொடக்கூடாது. முதலாளிகூடத் தன் அறையில் மெதுவாகத்தான் இருமுவார்.

இத்தனை வருஷத்தில் அவள் கைபட்டு 'பந்தக்கால்' ஒருமுறைகூட விழுந்ததில்லை.

"அப்போ உங்க கைக்கு ஜுரம் வந்தா என் மண்டபத்துக்கும் ஜுரமா?" என்ற சௌகத் அலி, சத்தம் கேட்டு வெளியே வந்த பட்டாபிராமன் பக்கம் திரும்பினார். "பேஜாரா கீது சார். இந்தக் காலத்துல இதுக்கெல்லாம் மிஷின் இருக்காமே? என் பையன் சொன்னான். அதை வைங்க. அப்புறமா அக்ரிமெண்ட் பேசலாம். இல்லாட்டி நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

அவர் போனதும் பட்டாபிராமன் திரிபுரசுந்தரியைக் கூப்பிட்டார். அவர் அறையில் ஷ்யாம்சுந்தர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து சமீபத்தில் இங்கே வந்து, நிரல் எழுதுகிறவர்களுக்குத் தலைவனாக, டெக் லீட் என்ற நாற்காலியில் உட்கார்ந்தவன். நல்ல பையன்தான். ஆனால் காபி போடுவதைக்கூட ஆட்டோமேட் பண்ணலாமே என்று கேட்பான்.

"ரிலீஸைத் தானா பண்ற டூல் நிறைய வந்திருக்கு மேடம்," என்றார் பட்டாபிராமன். "ஷ்யாம் மூணு டூல் பார்த்து வெச்சிருக்கார். எது வேணும்னு நீங்களே செலக்ட் பண்ணுங்க. உங்க சாய்ஸ்."

"என் இடத்துல யார் உட்காரணும்னு நானே பொண்ணு பார்த்துட்டு வரணுமா சார்?"

"அப்படி இல்ல மேடம்..."

"சார், மிஷினுக்குப் பயம் கிடையாது. ஒவ்வொரு எண்டர் தட்டும்போதும் எனக்கு வயித்தைக் கலக்கும். அந்தக் கலக்கல்தான் உங்க சைட்டை இத்தனை நாளா காப்பாத்தியிருக்கு. பயமில்லாத ஒண்ணுகிட்ட சர்வரைக் கொடுத்தா அது எதை வேணாலும் பண்ணும்."

அவள் வெளியே வந்து, தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டோமே என்று திரும்பியபோது உள்ளே அவர் ஷ்யாமிடம் சொல்வது காதில் விழுந்தது.

"டூல் செட் ஆயிடுச்சுன்னா மேடம் கிறிஸ்டி பக்கத்துல உட்கார்ந்து போன் எடுக்கட்டும். பாவம், எங்க போவாங்க?"

அந்தப் 'பாவம்'தான் சுட்டது. காலையில் அடித்த இட்லி ஆவியெல்லாம் ஒன்றுமே இல்லை.

அவள் பாட்டிலை எடுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"சரி சார். செலக்ட் பண்றேன். ஆனா ஒரு கண்டிஷன். மூணு டூலையும் நிஜ சைட்ல ஓட்டிக் காட்டணும். எது ஒழுங்கா ஓடுதோ அதுக்கு நானே மாலை போட்டு என் சீட்டைக் கொடுக்கிறேன். ஒண்ணும் தேறலைன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்."

ஷ்யாம் பதறினான். "மேடம், டெஸ்ட் சர்வர்னு தனியா ஒண்ணு இருக்கு. அதுல மூணையும் ஓட்டிப் பார்த்துட்டேன். சூப்பரா ஓடுது. நிஜ சைட்ல எதுக்கு ரிஸ்க்?"

"யாரும் பார்க்காத இடத்துல எல்லாரும் ஒழுங்காத்தான் இருப்பாங்க ஷ்யாம். ஊர் பார்க்கிற இடத்துல ஓடட்டும்."

பட்டாபிராமன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில்தான் எல்லாம் தொடங்கிற்று.

முதல் டூலின் சின்னம் கொக்கு. அதன் ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஆபீசில் எல்லோரும் கொக்கு என்றே கூப்பிட்டார்கள். வேலை மிகச் சுலபமானது. 'பந்தக்கால்' முகப்பில் பச்சைப் புடவை கட்டிய மணப்பெண் படம் இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சிவப்புப் புடவை மணப்பெண்ணைப் போட வேண்டும்.

மெயினுக்கெல்லாம் போக வேண்டாம், கொக்கே நேராக சைட்டில் ஏற்றிவிடும் என்று ஷ்யாம் ஒரு பட்டனை அழுத்தினான். கண் மூடித் திறப்பதற்குள் சைட்டில் சிவப்புப் புடவைக்காரி சிரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். திரிபுரசுந்தரி மட்டும் கட்டுப் போட்ட விரலைக் காட்டித் தப்பித்துக்கொண்டாள்.

டீ குடித்துவிட்டு வந்தபோது சைட்டில் பச்சைப் புடவைக்காரி இருந்தாள்.

ஷ்யாம் மறுபடி அழுத்தினான். சிவப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் பச்சை வந்தது. அவன் கொக்கின் அமைப்பையெல்லாம் மாற்றிவிட்டு மறுபடி அழுத்தினான். இந்த முறை சிவப்பு இன்னும் சீக்கிரமாகப் போய்ப் பச்சை வந்தது.

கிறிஸ்டியின் போன் அடித்தது. பொழிச்சலூரிலிருந்து ஒருவர் பேசினார். கிறிஸ்டி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஏம்மா, நான் என் பொண்ணுக்கு மண்டபம் பார்த்துகினு கீறேன். உங்க சைட்ல பொண்ணு மாறிக்கினே கீது. இன்னாமா இது? மொதல்ல எந்தப் பொண்ணுன்னு நீங்க ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறம் நான் மண்டபம் பார்க்கிறேன்."

திரிபுரசுந்தரி எழுந்தாள். கொக்கை அணைக்கச் சொன்னாள். அறைக் கதவைச் சாத்தினாள். சிவப்புப் புடவைக்காரியை மெயினில் சேர்த்துவிட்டு, ஒற்றைக் கையால் கமாண்டுகளை அடித்தாள். வெளியே வந்தபோது சைட்டில் சிவப்புப் புடவை. மறுநாள் காலையிலும் சிவப்புப் புடவைதான்.

"பயம்," என்றாள் ஷ்யாமைப் பார்த்து. "கொக்குக்கு அது இல்ல."

இரண்டாவது டூலுக்கு ஆமைச் சின்னம். கொக்கு அவசரக்காரன், ஆமை நிதானி என்றான் ஷ்யாம். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துப் பார்த்து, சரிபார்த்து, மெதுவாக ஏற்றுமாம். காலியான தேதிகளைக் காட்டுகிற காலண்டரையும் பதிவுப் பக்கத்தையும் புதுப்பிக்கிற வேலையை அதற்குக் கொடுத்தார்கள்.

ஆமை மெதுவாகத்தான் போயிற்று. அது பதிவுப் பக்கத்தை மாற்றிவிட்டுக் காலண்டருக்கு வருவதற்குள் பதிவுப் பக்கம் பழையபடி ஆகிவிட்டது. அது திரும்பிப் போய்ப் பதிவுப் பக்கத்தைச் சரிசெய்தால் காலண்டர் பழையதாகிவிட்டது. சைட்டில் பாதி புதுசு, பாதி பழசு. ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

விளைவு மறுநாள் ஆபீஸ் வாசலுக்கே வந்தது. இரண்டு குடும்பங்கள். பெரும்பாக்கத்திலிருந்து வந்த ரத்தினம் குடும்பம் மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தது. செம்பாக்கத்திலிருந்து வந்த எலியேசர் குடும்பம் மகனுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தது. இரண்டுக்கும் ஒரே மண்டபம். ஒரே ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேர் போனிலும் 'உங்கள் பதிவு உறுதி, வாழ்த்துகள்' என்ற செய்தி.

"வாழ்த்தை வேணா நீங்களே வெச்சிக்கங்க. எங்களுக்கு மண்டபத்தைக் குடுங்க," என்றார் ரத்தினம்.

"எங்களுக்கும் வாழ்த்து வந்துச்சு பிரதர்," என்றார் எலியேசர் அமைதியாக. "பத்திரிகை அடிச்சாச்சு. ஃபாதர்கிட்ட சொல்லியாச்சு."

பட்டாபிராமன் அறைக்குள்ளேயே இருந்துகொண்டார். ஷ்யாம் மன்னிப்புக் கேட்டான். அவன் ஆங்கிலத்தில் கேட்டதால் இரண்டு குடும்பங்களுக்கும் கோபம் கூடிற்று. திரிபுரசுந்தரிதான் முன்னால் வந்தாள். காலையில் வளைகாப்பு, மாலையில் நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்தாள். பூ அலங்காரத்தைக் கலைக்க வேண்டாம், இரண்டு பேருக்கும் அதுவே போதும் என்று இரண்டு வீட்டுப் பெண்களையும் ஒப்புக்கொள்ள வைத்தாள். போகும்போது அந்த இரண்டு அம்மாக்களும் ஒருவர் நம்பரை ஒருவர் வாங்கிக்கொண்டார்கள்.

ஆமையை அணைத்தார்கள். அவள் மறுபடி கதவைச் சாத்தினாள், மெயினில் சேர்த்தாள், கமாண்டுகளை அடித்தாள். காலண்டரும் பதிவும் கைகோத்துக்கொண்டன.

"இதோட விட்டுடலாம் ஷ்யாம்," என்றார் பட்டாபிராமன்.

விட்டிருக்கலாம். ஆனால் ஷ்யாமுக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. திரிபுரசுந்தரிக்கோ வெற்றி ருசி கண்டுவிட்டது.

"மூணுன்னு சொன்னா மூணு," என்றாள் அவள். "நண்டு எங்க?"

மூன்றாவது டூலின் சின்னம் நண்டு. ஷ்யாம் இரவெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"மேடம், ஏதோ ஒண்ணு நம்ம சைட்டைப் பழசா மாத்திடுது. அது என்னன்னு தெரியல. ஆனா இந்த நண்டு விடாது. யார் மாத்தினாலும் அடுத்த நொடியே புதுசைக் கொண்டுவந்து வெச்சிடும். பிடிச்சா பிடிச்சதுதான்."

"ஏதோ ஒண்ணு இல்ல. உங்க டூல்களோட லட்சணம்தான்," என்றாள் அவள். "விடுங்க நண்டை."

நண்டு பிடித்தது. சைட் புதுசாயிற்று, பழசாயிற்று, புதுசாயிற்று. வர வர வேகம் கூடிற்று. கொஞ்ச நேரம் மணப்பெண்ணின் புடவை நிறமே தெரியவில்லை. பிறகு மணப்பெண்ணே இல்லை. பிறகு சைட்டே இல்லை. வெள்ளைத் திரை. அதன் நடுவில் 'மன்னிக்கவும்' என்ற ஒரே வார்த்தை.

ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் தேடுகிறவர்கள் எல்லோரும் கிறிஸ்டியைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு காதில் ஒரு போன், மறு காதில் இன்னொரு போன் என்று சமாளித்துப் பார்த்தாள். முடியாமல் கடைசியில் இரண்டையும் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள்.

அதைப் பார்த்தபோது திரிபுரசுந்தரிக்குத் தன் ஜெயிப்பு கொஞ்சம் கசந்தது. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்தான் தன்னையும் உட்கார வைக்கப் பார்த்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. உடனே கசப்பு போய் மறுபடி கோபம் வந்தது. அது வசதியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. சௌகத் அலி இறங்கினார். குரோம்பேட்டையில் மண்டப உரிமையாளர்கள் கூட்டத்தில், 'நம்ம சைட்டைப் பாருங்க' என்று போனை எடுத்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். எல்லோரும் 'மன்னிக்கவும்' என்பதைப் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

"யார்யா மிஷின் வெச்சது?" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார்.

"நீங்கதான் சார் வைக்கச் சொன்னீங்க," என்றாள் திரிபுரசுந்தரி.

சௌகத் அலியிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

"என் கை சரியில்லன்னு சொன்னீங்க. மிஷின் கேட்டீங்க. இதோ, மூணு மிஷின் வந்து போயாச்சு. கொக்கு உங்க சைட்ல பொண்ணை மாத்திச்சு. ஆமை ஒரே மண்டபத்தை ரெண்டு பேருக்குக் கொடுத்துச்சு. நண்டு எல்லாத்தையும் தின்னுடுச்சு. இப்போ அந்த நாற்காலியில உட்காருங்க. இந்த ஒத்தக் கை என்ன பண்ணுதுன்னு பாருங்க. இன்னிக்குக் கதவைச் சாத்தப் போறதில்ல."

சௌகத் அலி உட்கார்ந்தார்.

அவள் நண்டைப் பிடுங்கி எறிந்தாள். மெயினில் பட்டனை அழுத்தினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து கமாண்டுகளை அடிக்கத் தொடங்கினாள். திரையில் எழுத்துகள் ஓடின. பட்டாபிராமன் வந்த இருமலை விழுங்கினார். கடைசி எண்டரை அவள் கட்டுப் போட்ட விரலாலேயே தட்டினாள். வலித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"உங்க போனைப் பாருங்க சார்."

சௌகத் அலி பார்த்தார். சிவப்புப் புடவைக்காரி சிரித்தாள். நான்கு மண்டபங்களும் வரிசையாக நின்றன.

"மாஷா அல்லா," என்றார் அவர். சற்று நேரம் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அக்ரிமெண்டை எடுங்க. எனக்கு இந்தக் கைதான் வேணும். மிஷின் வேணாம்."

"வாயால சொன்னாப் போதாது," என்றாள் திரிபுரசுந்தரி. "நாளைக்கு உங்க பையன் வேற ஏதாவது சொல்லுவார். எழுதுங்க. 'பந்தக்கால் சர்வரை எந்தத் தானியங்கி டூலும் தொடாது. ரிலீஸ் எல்லாம் திரிபுரசுந்தரி கையால மட்டும். மீறினா அக்ரிமெண்ட் கேன்சல்.'"

"மேடம், கேன்சல் எல்லாம் எதுக்கு?" என்றார் பட்டாபிராமன் பலவீனமாக.

"சரியான பேச்சு!" என்றார் சௌகத் அலி. "அப்படியே எழுதுங்க சார்!"

அப்படியே எழுதினார்கள். அடுத்த வாரம் சௌகத் அலி தன் பெரிய மண்டபத்துச் சமையல்காரரின் கையால் செய்த பிரியாணியோடும், சைவக்காரர்களுக்குத் தனியாகக் காளான் பிரியாணியோடும் வந்தார். ஆபீசில் எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போட்டார். பட்டாபிராமனும் போட்டார். சாட்சியாகக் கிறிஸ்டி போட்டாள். திரிபுரசுந்தரியின் விரல் ஆறியிருந்தது. எழுந்து நின்று தன் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

ஷ்யாம் அவள் அருகில் வந்தான். "சாரி மேடம். டெஸ்ட் சர்வர்ல அவ்ளோ நல்லா ஓடின டூல் இங்க ஏன் ஓடலைன்னு எனக்கு இன்னும் புரியல."

"புரியாது," என்றாள் அவள், அவன் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தபடி. "சில வேலைக்கு மனுஷக் கைதான் வேணும். ஊரே வந்து நின்னாலும் நான் இதைத்தான் சொல்லுவேன்."

அப்போது பர்வேஸ் வந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆபீசில் வேலை பார்த்தவன். திரிபுரசுந்தரி பித்தப்பை ஆபரேஷனுக்காக லீவில் இருந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து ரிலீஸ்களைப் பார்த்துக்கொண்டவன். அவள் திரும்பி வருவதற்குள் பெருங்குடியில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டான். இப்போது கையில் நிக்காஹ் பத்திரிகை. சௌகத் அலியின் மண்டபத்தில்தான் நிக்காஹ்.

"நல்ல நேரத்துக்கு வந்தேப்பா!" என்று கிறிஸ்டி அவன் கையில் ஒரு தட்டைக் கொடுத்தாள். கொக்கு, ஆமை, நண்டு கதையை எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் அவனுக்குச் சொன்னார்கள். அக்ரிமெண்டில் அந்த ஷரத்தைச் சௌகத் அலியே உரக்கப் படித்துக் காட்டினார். 'எந்தத் தானியங்கி டூலும் தொடாது' என்ற இடத்தில் மேஜையைத் தட்டினார்.

பர்வேஸ் பிரியாணியை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினான்.

"மேடம், அப்போ நீங்க லீவ்ல இருந்தப்ப சைட்டைப் புது சர்வருக்கு மாத்தி, மெயின்ல சேர்த்தா தானா ஏத்திடற மாதிரியும், வேற யாராவது கை வெச்சா அதுவே பழையபடி ஆக்கிடற மாதிரியும் நான் ஒரு டூல் வெச்சிட்டுப் போனேனே... ரெண்டு வருஷமா நீங்க கமாண்ட் அடிக்கிறது அந்தப் பழைய சர்வர்லயா?"